பழைய ஸ்பீடோமீட்டரை பாலிஷ் போடாதீங்க... முதல்ல எண்ணைப் படிங்க!

புதுப்பேட்டையிலோ ஆன்லைனிலோ ஒரு பழைய ஸ்பீடோமீட்டர் கைக்குக் கிடைக்கிறது. டயல் மங்கிப்போயிருக்கிறது, எழுத்து பாதி அழிந்திருக்கிறது. உடனே என்ன தோன்றும்? திறந்து, துடைத்து, புது பெயின்ட் அடித்து பளபளன்னு ஆக்கிடலாம்! இந்த அவசரம்தான் தப்பு என்பது என் கருத்து. பழைய மீட்டரின் மதிப்பு அதன் பளபளப்பில் இல்லை. டயலில் பொடி எழுத்தில் இருக்கும் அடையாளத்தில் இருக்கிறது.

எண் என்ன சொல்லும்?

ட்ரையம்ப், பிஎஸ்ஏ, எம்ஜி போன்ற பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலும் இருந்தவை ஸ்மித்ஸ் நிறுவன மீட்டர்கள். கார் ஸ்பீடோமீட்டராக இருந்தால், டயலில் ‘எஸ்.என்.’ என்று தொடங்கும் ஒரு எண் பல நேரம் இருக்கும். எந்த மாடலுக்குச் செய்தது என்று கண்டுபிடிக்க அதுதான் முதல் துப்பு.

பக்கத்திலேயே 1000, 1280 என்று தனியாக ஓர் எண் இருக்கும். வண்டி ஒரு மைல் ஓடும்போது கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதை அது சொல்கிறது. மாற்றிப் பொருத்தினால் என்ன ஆகும்? 1000 சுற்று கேபிள் உள்ள வண்டியில் 1280 மீட்டரை மாட்டினால், நிஜத்தில் 64 மைல் வேகத்தில் போகும்போது முள் 50-தான் காட்டும். இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது.

முள்ளையும் கவனியுங்கள். சாதாரண மீட்டரில் கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றும். அந்தச் சுழற்சி ஓர் உலோகக் கிண்ணத்தை இழுக்க, முள் வழுக்கிக்கொண்டு ஏறும். ‘க்ரோனோமெட்ரிக்’ வகையில் உள்ளே கடிகாரம் போன்ற அமைப்பு இருக்கும். அது வேகத்தை விட்டுவிட்டு அளப்பதால், முள் படிப்படியாகத் தாவும். பிரிட்டிஷ் பைக்குகளில் 1960-களின் நடுவில் காந்த வகை இதன் இடத்தைப் பிடித்தது.

அரிய மீட்டர் என்றால் போலியும் வரும். வின்சென்ட் பிளாக் ஷேடோ பைக்கின் 5 அங்குல, 150 மைல் வரை காட்டும் பெரிய மீட்டர் சேகரிப்பாளர்களின் கனவு. அதற்கு மறுதயாரிப்புகளும் வந்துவிட்டன. மறுதயாரிப்பு குற்றமில்லை. அதை ‘ஒரிஜினல்’ என்று விற்பதுதான் மோசடி. டயலை மொத்தமாக மறுபடி அச்சடித்துவிட்டால், எது அசல் என்று காட்டும் சாட்சியையே நாம் அழித்துவிடுகிறோம்.

திறப்பதற்கு முன்...

இன்னொரு காரணம் உடல்நலம். இருட்டில் ஒளிர்வதற்காக சில பழைய டயல்களிலும் முட்களிலும் ரேடியம் கலந்த பெயின்ட் பூசினார்கள். “இப்போ ஒளிரவே இல்லையே, அப்புறம் என்ன பயம்?” என்று கேட்கலாம். ஒளிர்வது நின்றதற்குக் காரணம், அதில் கலந்திருந்த துத்தநாக சல்பைடு கெட்டுப்போனதுதான். ரேடியம்-226 பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். அந்தப் பெயின்டைச் சுரண்டினால் வரும் தூசு மூச்சிலோ வாயிலோ போவதுதான் ஆபத்து. 1920-களில் அமெரிக்காவில் கடிகார டயல்களுக்கு இதே பெயின்டைப் பூசிய இளம்பெண்கள், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கியதால் நோயுற்று இறந்தார்கள். கண்ணால் பார்த்து இதை உறுதி செய்ய முடியாது, கதிரியக்கம் அளக்கும் கருவிதான் வேண்டும். சந்தேகம் இருந்தால் கண்ணாடியைத் திறக்காதீர்கள்.

“அப்போ பழுதே பார்க்கக் கூடாதா?” தாராளமாகப் பார்க்கலாம். ஓடும் வண்டியில் மீட்டர் சரியாகக் காட்டியே ஆக வேண்டும். ஆனால், தொடுவதற்கு முன் டயல், பின்பக்கம், எண்கள் எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுங்கள். டயலை மாற்றினால் பழையதைத் தூக்கிப் போடாமல் மூடிய டப்பாவில் பத்திரப்படுத்துங்கள். விற்கும்போது எதை மாற்றினீர்கள் என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

மங்கிய டயலை எப்போது வேண்டுமானாலும் புதிதாக்கலாம். ஒருமுறை அழித்த எண் திரும்ப வராது.