தாழ் கம்பியின் தொளதொளப்பு
ஐந்து கம்பி பேஸ் கிட்டாரின் தாழ் 'பி' கம்பி நொடிக்கு ஏறக்குறைய 31 முறை அதிர்கிறது. அது தொளதொளவென்று ஒலித்தால் பழி முதலில் விழுவது கம்பி மாட்டிய முறைமீதுதான். ஃபெண்டர் பிரசிஷன் பேஸ் 1951இல் வந்தபோது கம்பிகள் உடலின் பின்புறமிருந்து மரத்தை ஊடுருவி மேலேறின. 1957இல் அவை பிரிட்ஜிலேயே மாட்டப்பட்டன. பழைய முறையில் இழுவிசை கூடும் என்று இன்றும் பலர் சாதிப்பதுண்டு. கூடாது. கம்பியின் எடை, கழுத்து முனையிலுள்ள நட்டுக்கும் பிரிட்ஜில் கம்பி படியும் சேடிலுக்கும் இடைப்பட்ட நீளம், சுருதி, இம்மூன்றே இழுவிசையைத் தீர்மானிக்கும். சேடிலுக்குப் பின்னால் எத்தனை அங்குலம் கிடந்தாலும் கணக்கில் வராது. மாறுவது வளைவின் கோணம்; அதனால் கம்பி சேடிலை அழுத்தும் விசை கூடும், அவ்வளவே. அதிலும் ஒரு சிக்கல்: தடித்த பி கம்பி சட்டென்று மடங்காது. சேடிலைத் தாண்டியதும் லேசாக வில்போல் எழும்பி நிற்கும். ஒலி மழுங்கும், மேல் பிரெட்டுகளில் சுருதி பிசகும். சேடிலுக்கு முன்னே கட்டைவிரலால் மெல்ல அழுத்திவிட்டாலே பாதித் தொல்லை தீரும். கம்பியை மாட்டும்போது நுனியை மடக்காமல் வெட்டினால் சுற்றுக்கம்பி நழுவி ஒலி செத்துவிடவும் கூடும். இழுவிசைதான் வேண்டுமென்றால் இன்னும் தடித்த கம்பி போடலாம். அல்லது நட்டுக்கும் சேடிலுக்கும் இடைப்பட்ட நீளம் 34 அங்குலத்துக்குப் பதில் 35 அங்குலமாக உள்ள கிட்டாரை எடுக்கலாம். அதே கம்பியில் சுமார் 6 விழுக்காடு கூடும்.