கூலிக்கு அப்பால்



கடையில் வேலை செய்பவருக்கு மாதந்தவறாமல் சம்பளம் கொடுத்துவிட்டால் அவருக்கும் நமக்கும் உள்ள கணக்குத் தீர்ந்துவிட்டது என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். சம்பளக் கணக்கு அன்றே தீரலாம். உறவின் கணக்கு அத்துடன் தீர்வதில்லை.

சமூகவியல் அறிஞர் பீட்டர் பிளாவ், 1964-ல் வெளியிட்ட நூலில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். பொருளாதாரப் பரிமாற்றத்தில் இன்ன வேலைக்கு இவ்வளவு கூலி என்று முன்கூட்டியே பேசி முடிக்கப்படுகிறது. சமூகப் பரிமாற்றத்திலோ ஒருவர் உதவுகிறார். மற்றவர் எப்போது, எவ்விதம் கைம்மாறு செய்வார் என்பது பேசப்படுவதில்லை. நம்பிக்கை ஒன்றே அதற்குப் பிணை.

இதற்குச் சான்றாக ஓர் ஆலையைச் சொல்லலாம். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த மால்டன் மில்ஸ் என்னும் துணி ஆலை, 1995 டிசம்பர் 11 அன்று இரவு தீக்கிரையாயிற்று. அங்கு ஏறக்குறைய 3000 பேர் பணியாற்றி வந்தனர். உரிமையாளர் ஆரன் ஃபியூயர்ஸ்டைனுக்கு அப்போது வயது 70. காப்பீட்டுத் தொகையைப் பெற்றுக்கொண்டு அவர் ஓய்ந்திருக்கலாம். அவரோ ஆலையை அங்கேயே மீண்டும் கட்டுவதாக அறிவித்தார். வேலையின்றி வீட்டிலிருந்த தொழிலாளர்களுக்கு ஒரு மாதச் சம்பளம் தருவதாகக் கூறி, பின்னர் அதனை மூன்று மாதம் வரை நீட்டித்தார்.

தொழிலாளர்கள் அதை மறக்கவில்லை. தீக்குத் தப்பிய பகுதியில், சில வாரங்களிலேயே உற்பத்தி முன்பிருந்த அளவைத் தாண்டியதாக உரிமையாளரே பின்னர் கூறினார்.

எனினும் கதை அத்துடன் முடியவில்லை. மறுகட்டுமானத்தின் கடன்சுமையும் சந்தைப் போட்டியும் நெருக்க, 2001-ல் அந்நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. நல்லது செய்தவருக்கு வியாபாரத்தில் நட்டமே வராது என்று எவரும் உறுதி கூற இயலாது. பரிவு, மனமுவந்த உழைப்பைப் பெற்றுத் தரும். கடனை அடைத்துத் தராது. ஆதாயத்துக்காக மட்டும் காட்டப்படும் பரிவு, ஆதாயம் குறைந்த அன்றே வற்றிவிடும். அதைத் தொழிலாளியும் எளிதில் கண்டுகொள்வார்.

ஆகவே, முதலாளியாயிருக்கும் சகோதரரே! உம்மிடம் உழைப்பவர் தம் தாயின் நோய்க்காக விடுப்புக் கேட்கும்போது நீர் கூறும் மறுமொழியை அவர் பல்லாண்டு நினைவில் வைத்திருப்பார். ஊழியராயிருக்கும் சகோதரரே! நெருக்கடியில் உமக்குக் கைகொடுத்தவரின் கடையை, அவர் இல்லாத வேளையிலும் உம் கடையெனக் காத்திடுவீர். எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படாத இக்கடன்களே வேலையிடத்தை மனிதர் வாழும் இடமாக்குகின்றன.