அந்தக் காலம் மாதிரி வருமா?

வயதானவர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. சினிமாப் பாட்டு, காபி, கிரிக்கெட் எதுவானாலும் சரி. அமெரிக்காவில் மகன் வீட்டில் இருக்கும் மாதங்களில் நாஸ்கார் கார்ப் பந்தயத்தை டிவியில் பார்த்துப் பழகிவிட்டேன். அங்கேயும் என் வயதுக்காரர்கள் இதே பல்லவிதான் பாடுகிறார்கள். "இன்ஜினில் சத்து இல்லை, தொட்டதற்கெல்லாம் அபராதம், அந்தக் காலத்தில் ஆண்பிள்ளைகள் ஓட்டினார்கள்!"

இன்ஜின் விஷயத்தில் அவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் 850 குதிரைசக்திக்கு மேல் கொடுத்த வி-8 இன்ஜினை 2022இல் பெரும்பாலான பந்தயங்களுக்கு 670 என்று கட்டிப்போட்டார்கள். முந்திச் செல்வது கஷ்டமானது. இதைக் குறை சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் எல்லாக் கட்டுப்பாடும் வேண்டாத வேலை என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. 1987இல் டல்லடீகாவில் தகுதிச் சுற்றில் மணிக்கு 340 கிலோமீட்டரைத் தாண்டினார் பில் எலியட். அதே பந்தயத்தில் பாபி ஆலிசனின் கார் பறந்து போய் வேலியைக் கிழித்தது. பார்க்க வந்தவர்கள் காயப்பட்டார்கள். அதனால்தான் அடுத்த வருடத்திலிருந்து இன்ஜினுக்குள் போகும் காற்றைக் குறைக்கும் தகட்டை மாட்டினார்கள். டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவனின் உயிரைவிட வேகம் பெரிதா?

அடுத்தது அபராதம். 2022இல் போகோனோவில் முதலாவதாக வந்த டென்னி ஹாம்லினின் காரில், முன்பக்கத்தில் விதிக்குப் புறம்பாக ஏதோ ஒட்டியிருந்தது என்று வெற்றியையே பறித்தார்கள். இரண்டாவது வந்தவருக்கும் அதே கதி. மூன்றாவது வந்த சேஸ் எலியட்டுக்கு வெற்றி. "ஒரு துண்டு டேப்புக்கா இவ்வளவு?" என்று கூச்சல்.

இவர்கள் கொண்டாடும் அந்தக் காலத்தில் என்ன நடந்தது? 1983இல் சார்லட்டில் ரிச்சர்ட் பெட்டி ஜெயித்தார். அளவுக்கு மீறிய இன்ஜின், வலது பக்கத்தில் இடது பக்க டயர்கள் என்று சோதனையில் தெரிந்தது. 35,000 டாலர் அபராதம் போட்டார்கள், 104 புள்ளிகளைக் கழித்தார்கள். வெற்றி மட்டும் அவருடையதாகவே நின்றது! அவருடைய 200 வெற்றிகளில் அதுவும் ஒன்று. ராஜா என்று பெயர் வாங்கியவருக்கு ஒரு நியாயம். நேர்மையாக ஓட்டி இரண்டாவதாக வந்தவனுக்கு யார் பதில் சொல்வது?

இதைவிடக் கொடுமை 1963 டிசம்பரில் ஜாக்சன்வில்லில். கறுப்பினத்தவரான வெண்டல் ஸ்காட் ஜெயித்தார். கோப்பையோடு கொண்டாடியவர் பக் பேக்கர். சில மணி நேரம் கழித்து, கூட்டம் கலைந்த பிறகுதான் ஸ்காட்டின் வெற்றியை ஒப்புக்கொண்டார்கள். கோப்பை ஸ்காட் குடும்பத்தின் கைக்கு வந்தது 2021இல். அவர் இறந்து 30 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இதுவும் அந்தக் காலம்தான், ஐயா.

"ஆண்பிள்ளைகள் ஓட்டினார்கள்" என்கிறார்களே, அவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பவில்லை? 2000 மே மாதம் ரிச்சர்ட் பெட்டியின் பேரன் ஆடம், 19 வயதுப் பையன், நியூ ஹாம்ப்ஷயர் டிராக்கில் செத்தான். இரண்டே மாதத்தில் அதே டிராக்கில் கென்னி இர்வின். 2001 பிப்ரவரியில் டேட்டோனாவில் கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட். அதன் பிறகுதான் கழுத்தைக் காக்கும் பட்டையைக் கட்டாயமாக்கினார்கள், மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ளும் சுவர்களைக் கட்டினார்கள். 2020இல் அதே டேட்டோனாவில் ரயன் நியூமேனின் கார் கவிழ்ந்து நொறுங்கியதைப் பார்த்தவர்கள் அவர் போய்விட்டார் என்றே நினைத்தார்கள். இரண்டாம் நாள் தன் இரண்டு பெண் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வெளியே வந்தார்.

பழைய இன்ஜின் சத்தத்துக்கு ஏங்குவதில் தப்பில்லை. எனக்கும் பிடிக்கும். ஆனால் நாம் ஏங்குவது அந்தக் காலத்துக்கா, அப்போது நமக்கு இருந்த வயதுக்கா? நம் இளமை போனதற்காக, இன்று கார் ஓட்டும் பிள்ளைகள் பாதுகாப்பில்லாமல் ஓட்ட வேண்டும் என்று கேட்பது பெரியவர்களுக்கு அழகல்ல.