கருவும் கதையும்

சிறுகதை எழுத விரும்பும் இளைஞர் பலர், முடிவு முழுவதும் உள்ளத்தில் தெளிந்த பின்னரே எழுதுகோலை எடுக்க வேண்டும் என்று எண்ணிக் காலம் கழிக்கின்றனர். இவ்வெண்ணம் பொருந்துவதன்று. மண்ணில் இட்ட பின்னரே விதை முளைக்கும். கதைக்கருவும் எழுத எழுதவே வளரும்.

புதுமைப்பித்தன் 1934-இல் 'அகல்யை' என்னும் சிறுகதையை எழுதினார். அதில் கௌதமர் மனைவியைச் சபிக்கவில்லை, மன்னிக்கின்றார். கதை அங்கே முடிந்தது, கரு முடியவில்லை. மன்னிப்புப் பெற்ற பின் அவள் வாழ்வு எத்தகையது? ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1943-இல், 'சாப விமோசனம்' வெளிவந்தது. இராமனால் சாபம் நீங்கப்பெற்ற அகலிகை, அவனே சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்பதைக் கேட்டு, மீண்டும் கல்லாகின்றாள். முதற்கதையில் விடையாய் நின்றதே இரண்டாம் கதையில் வினாவாயிற்று.

ஆதலின், முடிவு தெரியவில்லையே என்று மாணவர் அஞ்ச வேண்டுவதில்லை. முதலில் எழுதத் தொடங்குக. எழுதியதை மீண்டும் படித்து, அதில் எஞ்சி நிற்கும் வினாவைத் தேடுக. முன்பு எண்ணிய முடிவு பொய்யெனத் தோன்றின், அதனைக் கைவிடவும் துணிக. அத்துணிவே எழுத்தாளனின் முதற்பயிற்சி.