சேர்வருக்குக் காசு சேர்க்க முதல் கோடிங்கைப் பாருங்கோ



மாதிரிப் பரீட்சைப் புள்ளி பார்க்கிற இணையத்தளம் இந்தத் தவணையும் சுத்திக்கொண்டே நின்றது. உடனே குழுவில் ஒரே கதை: "சேர்வர் சின்னன். வெளிநாட்டுப் பழைய மாணவரிட்டக் கேட்டுப் பெரிசா ஒன்று எடுப்பம்." வேண்டாம் என்றேன். "ரீச்சருக்கு இதில என்ன தெரியும்?" என்றார்கள். ஆகவே விளக்கமாகவே எழுதுகிறேன்.

அது ஜாவாவில் எழுதிய தளம். ஒவ்வொரு தரமும் டேட்டாபேஸுக்குப் புது இணைப்பு எடுப்பது மெதுவான வேலை. அதனால் சில இணைப்புகளை முதலே திறந்து வைத்து, பாடசாலை நூலகம் மாதிரி இரவல் கொடுத்து வாங்குவார்கள். அங்கே அதைச் செய்வது ஹிகாரிசிபி என்ற இலவச மென்பொருள். நாங்கள் எதையும் மாற்றாவிட்டால் அதில் 10 இணைப்புத்தான்.

கோடிங்கை எழுதிய தம்பியோடு இருந்து பார்த்தேன். பரீட்சைக்கு வராத பிள்ளையின் புள்ளி வெறுமை. அதை வாசிக்கும்போது பிழை வருகிறது. இணைப்பைத் திருப்பிக் கொடுக்கிற வரிக்குப் போகாமலே வேலை நின்றுவிடுகிறது. இப்படிப் பத்துத் தரம் நடந்தால் பத்தும் போச்சு. அடுத்த ஆள் 30 செக்கன் காத்திருந்து வெறுங்கையோடு திரும்புவார். நிறுத்தித் திரும்பப் போட்டால் ஓடும். அதனால்தான் எல்லாரும் சேர்வரைத் திட்டுகிறார்கள்.

இணைப்பை 100 ஆக்கினால்? ஒழுக்கு நிற்காது, முடக்கம் கொஞ்சம் பிந்தும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனிப் புரொசெஸ் ஓடும். கூட்டக் கூட்ட நினைவகத்தைத் தின்னும். 2020 இல் கொரோனாத் தகவல் திரட்ட எங்கள் சுகாதார அமைச்சு பாவித்த டிஎச்ஐஎஸ்2 மென்பொருளும் ஜாவாவும் போஸ்ட்கிரஸும்தான். நாடு முழுக்க ஓடின அதிலும் இணைப்புக்கு உச்ச எண்ணிக்கை உண்டு.

மருந்து சில வரிகள். 2011 இல் ஜாவா 7 வந்ததிலிருந்து, ட்ரை என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குள் இணைப்பை எடுத்தால், பிழை வந்தாலும் அது தானாகத் திரும்பிவிடும். ஒரு ரூபாய் செலவில்லை.

குற்றம் ஆசிரியர்களான எங்களிலும் இருக்கிறது. உயர்தரத்தில் எஸ்கியூஎல் படிப்பிக்கிறோம். ஐந்நூறு பேர் ஒரே நேரம் கேட்டால் என்ன நடக்கும் என்று சொல்லிக் கொடுப்பதில்லை.

மாரிக்குத் திறந்த தடுப்பணைக் கதவைப் பிறகு மூடாவிட்டால் உப்புத்தண்ணி உள்ளே வரும் என்று தொண்டைமானாற்றில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரவல் வாங்கினது அமானிதம். திருப்பிக் கொடுக்கப் பிள்ளைகளைப் பழக்குவம். சேர்க்கிற காசுக்கு அவர்களுக்கு இரண்டு கணினி வாங்குவம்.