கண்ணுக்கு விடும் சொட்டும் மருந்துதான், ஒளித்து வைத்த குளிசையும் மருந்துதான்



கொஞ்சம் நீளமான பதிவு. கிண்ணியா, மூதூர், தோப்பூர், டவுன், சைனாபே என்று எங்கிருந்தாலும், வீட்டில் வயதுபோன உம்மா வாப்பா இருப்பவர்கள் கடைசிவரை வாசியுங்கள். எங்கள் உம்மாவின் அனுமதியோடுதான் எழுதுகிறோம். "எழுதுங்க மகன், நாலு பேருக்கு உதவும்" என்று அவவே சொன்னா.

உம்மாவுக்கு ஆறு வருடமாக குளுக்கோமா. கண்ணுக்குள் பிரஷர் கூடி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும் வருத்தம் அது. போன பார்வை திரும்பி வராது. இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து. அதற்காகக் காலையும் மாலையும் டிமோலோல் என்ற சொட்டு மருந்து விட்டு வந்தா. வாப்பா மௌத்தான பிறகு சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை, பேச்சும் குறைந்துவிட்டது. கடைசியில் மனநல கிளினிக்குக் கூட்டிப்போனோம். ஃபுளுவொக்ஸெடின் என்ற குளிசை தந்தார்கள். ஒரு மாதத்தில் பேரப்பிள்ளைகளோடு சிரித்துப் பேசத் தொடங்கினா. அல்ஹம்துலில்லாஹ் என்றோம்.

அதற்குப் பிறகு ஒருநாள் சுபஹுக்கு வுழூ செய்யப் போனவ அப்படியே தலைசுற்றி விழுந்துவிட்டா. ஆஸ்பத்திரியில் பார்த்தால் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 42. "வேறென்ன மருந்து பாவிக்கிறா?" என்று டொக்டர் கேட்டார். "சீனி வருத்தத்துக்குக் குளிசை மட்டும்தான்" என்றோம்.

அன்று நாங்கள் சொன்னதில் இரண்டு பிழை. ஒன்று மறதி: கண்ணுக்கு விடுவதை நாங்கள் மருந்துக் கணக்கிலேயே எடுக்கவில்லை. மற்றது மறைப்பு: மனநல கிளினிக் கொப்பி அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே கிடந்தது. தங்கச்சிக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். பக்கத்துக் கட்டிலில் தெரிந்த ஆட்கள். எங்கள் வாய் வரவில்லை.

அடுத்த நாள் உம்மா "கண் மருந்து விடணும்" என்று கேட்டபோதுதான் அந்தச் சின்னப் போத்தல் டொக்டரின் கண்ணில் பட்டது. அவர் எங்களைத் தனியே கூப்பிட்டு மெதுவாக விசாரித்தார். அப்போதுதான் உண்மையைச் சொன்னோம். இரண்டு மருந்தும் சேர்ந்ததுதான் காரணமாக இருக்கலாம் என்றார். கண் டொக்டரோடு பேசி டிமோலோலை நிறுத்தி வேறு சொட்டு மருந்து மாற்றினார்கள். மனச்சோர்வுக் குளிசை அப்படியே தொடர்ந்தது. சில நாளில் துடிப்பு சரியானது.

நாங்கள் பாடம் சொல்லிக்கொடுப்பவர்கள், டொக்டர்மார் அல்ல. ஆனாலும் கேட்டும் வாசித்தும் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறோம்.

கண்ணில் மருந்து விட்டுக் கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசப்புத் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். கண்ணின் மூக்கோரத்தில் இருக்கும் சின்னத் துவாரம் வழியாக மருந்து மூக்குக்குள் இறங்குகிறது. அங்கிருந்து ஈரலுக்குப் போகாமல் நேரே இரத்தத்தில் கலக்கிறது. டிமோலோல் இதயத் துடிப்பைக் குறைக்கும் இனத்து மருந்து. அது அமெரிக்காவில் 1978இல் பாவனைக்கு வந்தது. 1985 வரைக்குள் சுவாசமும் இதயமும் கடுமையாகப் பாதிக்கப்பட்டதாக 450 முறைப்பாடுகளும், 32 மரணங்களும் அங்கே பதிவாகின. ஆஸ்துமாக்காரருக்கு இது ஆகாது என்று சொல்வது அதனால்தான்.

இந்த டிமோலோலை உடைத்து வெளியேற்றுவது ஈரலில் உள்ள ஒரு நொதியம். ஃபுளுவொக்ஸெடின், பரொக்ஸெடின் போன்ற குளிசைகள் அந்த நொதியத்தின் வேலையைத் தடுக்கும். அப்போது ஒரு சொட்டு மருந்தும் உடம்பில் கூடுதலாகத் தங்கிவிடும். ஃபுளுவொக்ஸெடினை நிறுத்தினாலும் அதன் தாக்கம் சில கிழமைகளுக்கு இருக்கும்.

இன்னொரு விஷயம். சிலருடைய கண்ணில் நீர் வடியும் கோணம் ஒடுக்கமாக இருக்கும். அமிட்ரிப்டிலின் போன்ற குளிசைகள் கண்மணியை விரியச் செய்வதால் அந்தக் கோணம் திடீரென்று அடைபடலாம். மற்ற மனச்சோர்வுக் குளிசைகளிலும் குறைந்த அளவில் இந்த ஆபத்து உண்டு. அமிட்ரிப்டிலினை நரம்பு வலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும்கூடத் தருகிறார்கள். ஆகவே "நமக்கு அது இல்லை" என்று நினைத்துவிடாதீர்கள். பிரிமோனிடின் என்ற சொட்டு மருந்தும் இப்படிப்பட்ட பழைய வகைக் குளிசைகளோடு கவனமாகப் பாவிக்க வேண்டியது.

கண் கடுமையாக வலித்துச் சிவந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, தலைவலியும் வாந்தியும் வந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம். 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இதை வாசித்துவிட்டு யாரும் குளிசையையோ சொட்டு மருந்தையோ தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது இதைவிடப் பெரிய ஆபத்து. குளுக்கோமா கண்ணைக் கொண்டுபோகும். மனச்சோர்வு ஆளையே கொண்டுபோகும். இரண்டுக்கும் மருந்து வேண்டும். எது எதோடு சேரும் என்று டொக்டர் பார்த்து மாற்றித் தருவார். அதற்கு அவருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

அங்கேதான் நம் சமூகத்தோடு எங்களுக்கு ஒரு வழக்கு இருக்கிறது. சீனி, பிரஷர் கிளினிக் கொப்பியை எல்லோரும் பார்க்கக் கையில் பிடித்துக்கொண்டு போகிறோம். மனநல கொப்பியை மட்டும் பேக்கின் அடியில் ஒளிக்கிறோம். "அங்கொடைக்குப் போன ஆள்" என்று ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் கலியாணப் பேச்சையே முறித்துவிடுகிறோம். யுத்தத்தையும், 2004 சுனாமியையும், 2006இல் மூதூரை விட்டு ஓடியதையும் பார்த்த மாவட்டம் இது. இங்கே மனம் சோர்ந்துபோவது வெட்கப்படும் விஷயமா? அந்த வெட்கத்துக்கு எங்கள் உம்மா உயிரையே விலையாகக் கொடுத்திருப்பா. கலியாணம் பேசி வந்த வீட்டாரிடம் பிறகு எல்லாவற்றையும் சொன்னோம். "எங்கட மாமியும் அதே குளிசைதான் போடுறா" என்றார்கள். எல்லா வீட்டிலும் அலுமாரி இருக்கிறது.

நாம் செய்யக்கூடியது இவ்வளவுதான்:

எந்தக் கிளினிக்குப் போனாலும் எல்லாக் கொப்பிகளையும், குளிசை, சொட்டு மருந்து, இன்ஹேலர் எல்லாவற்றையும் ஒரே பேக்கில் கொண்டுபோங்கள். பாமசியிலும் அதையே காட்டுங்கள். ஆட்கள் முன்னால் சொல்ல வெட்கமென்றால் ஒரு துண்டில் எழுதி நீட்டுங்கள்.

சொட்டு மருந்து ஒரு சொட்டுப் போதும். விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்துக் கண் மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உடம்புக்குள் போவது குறையும். இரண்டு வகை மருந்தென்றால் ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள்.

நோன்பு காலத்தில் சொட்டு மருந்தை விடாமல் இருப்பவர்கள் நம்மில் பலர். நமது ஷாஃபி மத்ஹபில் கண்ணுக்கு மருந்து விடுவதால் நோன்பு முறியாது. மனதில் சந்தேகம் இருந்தால் உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள்.

மனம் கனத்துப்போய், பேச ஆளில்லை என்று இருப்பவர்கள் 1926க்கு எடுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் அது.

எங்கள் வீட்டில் இப்போது எல்லாக் கொப்பியும் ஒரே பேக்கில், வாசல் ஆணியில் தொங்குகிறது. வருகிறவர் போகிறவர் பார்க்கட்டும். உம்மாவுக்காக துஆச் செய்யுங்கள். உங்கள் குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் இதை ஒருமுறை போட்டுவிடுங்கள்.