முதுகுத் தேய்மானம் யார் கணக்கில்?

இடுப்பு வலிக்குப் புது மருந்து ஒன்று விற்கிறார்கள்: பிலாட்டிஸ் கருவி. ஸ்பிரிங் மாட்டிய கட்டில், பீப்பாயைப் பிளந்து கவிழ்த்தது போல ஒரு வளைவு. அதன்மேல் மல்லாந்து படுத்து உருண்டால் போதும், பூட்டிக்கிடக்கும் முதுகு இளகிவிடுமாம்!

அட, வர்ம ஆசான்மார் தலைமுறை தலைமுறையாக உழிச்சல் செய்துவரும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதுசா என்ன? அதற்காக 'நம்ம உழிச்சல்தான் பெரிசு' என்று மார்தட்டவும் வேண்டாம். கருவியோ கையோ, படுத்துக்கொண்டு வாங்கும் சுகம் பெரும்பாலும் கொஞ்ச நாளைக்குத்தான்.

1883-ல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ் தன் முறைக்கு வைத்த பெயர் 'கன்ட்ராலஜி'. உடலைத் தன் கட்டுப்பாட்டில் வைக்கும் கலை. ஸ்பிரிங்கை எதிர்த்துத் தசை உழைக்க வேண்டும். ஸ்பிரிங் நமக்காக உழைக்காது. 1945-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் இருக்கும் 34 பயிற்சிகளுக்கும் ஒரு பாய் போதும். மெஷின் எதற்கு?

பிலாட்டிஸ் மற்ற உடற்பயிற்சிகளைவிட உயர்ந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது 2015-ல் வந்த காக்ரேன் ஆய்வு. நாள்பட்ட இடுப்பு வலிக்கு முறையான உடற்பயிற்சி செய்யுங்கள், மசாஜும் சேர்த்துக்கொள்ளலாம், இடுப்பு பெல்ட் வேண்டாம் என்றது 2023-ல் உலக சுகாதார நிறுவனம். ஆக, அசைவுதான் முக்கியம்.

சரி, பாய் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. இல்லாதது நேரம். குலசேகரம் பக்கம் விடியும் முன்பே ரப்பர் பால் வெட்டப் போகிறவர், வெட்டு கீழே இறங்க இறங்க மரத்துக்கு மரம் குனிகிறார். அண்டி ஆபீசில் பெண்கள் நாள் முழுக்க உட்கார்ந்து கொட்டை உடைக்கிறார்கள். கூலி கிலோக் கணக்கில். பத்து நிமிஷம் எழுந்து நிமிர்ந்தால் அந்தப் பத்து நிமிஷக் கூலி போச்சு. இவர்களிடம் போய் உடற்பயிற்சி செய்யுங்கள் என்று சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

கம்பெனிக் கணக்கில் மெஷினுக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதி லாபத்தில் கழிக்கிறார்கள். முதுகெலும்புக்கும் டாக்டர் சொல்வது அதே வார்த்தைதான்: தேய்மானம். ஆனால் அது எந்த முதலாளியின் பேரேட்டிலும் ஏறுவதில்லை. தைலமாகவும் மாத்திரையாகவும் அந்த அம்மாவின் வீட்டுச் செலவில் ஏறுகிறது.

வசதி உள்ளவர்கள் கருவி வாங்கிக்கொள்ளட்டும், சண்டையில்லை. ஆனால் மாவட்டத்து முதுகுக்கு முதலில் வேண்டியது இரண்டு: கூலி பிடிக்காமல் மணிக்கு ஐந்து நிமிஷ ஓய்வு, சரியான உயரத்தில் ஓர் இருக்கை. இவற்றைக் கேட்காமல் முதுகைப் பற்றிப் பேசுவது வியாபாரம்; வைத்தியம் அல்ல.